டெங்கு கார்டு டெஸ்ட்: எந்த நாளில் எதை எடுப்பது, எப்படி எடுப்பது, கோட்டை எப்படிப் படிப்பது

மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆனால் போதும், கிளினிக் வாசலில் காய்ச்சல்காரர்களின் வரிசை நீண்டுவிடும். தமிழ்நாட்டில் டெங்கு எந்த மாதமும் வரலாம் என்றாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் ஏறுகிறது. 2017-இல் மட்டும் மாநிலத்தில் 23,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கு உறுதியானது. அந்த நெரிசலில் கைகொடுப்பது கார்டு டெஸ்ட். விரலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தம், இருபது நிமிடம், ஒரு கோடு. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம்.

அதே நெரிசலில், "கார்டு நெகட்டிவ், டெங்கு இல்லை, பயப்படாதீங்க" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மூன்றாம் நாள் கை கால் சில்லிட்டு, நாடி பிடிபடாமல் தூக்கிவரப்படுவதும் நடக்கிறது. உடனே கார்டின் மேல் பழி விழும். பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. காய்ச்சலின் நாளை எண்ணாமல் டெஸ்ட் போட்டிருப்பார்கள், அல்லது வந்த கோட்டை அந்த நாளோடு சேர்த்துப் படித்திருக்க மாட்டார்கள். லேப் டெக்னீஷியன்கள், சிறு கிளினிக்குகளின் செவிலியர்கள், கையில் ரிப்போர்ட்டோடு குழம்பி நிற்கும் குடும்பத்தார் ஆகிய மூவருக்கும் பயன்பட வேண்டும் என்று இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

முதல் வேலை: நாளை எண்ணுவது

காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள். விரல் குத்தும் ஊசியான லான்செட்டைக் கையில் எடுக்கும் முன் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டால் "ரெண்டு நாளா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வேலைக்குப் போகமுடியாமல் படுத்த நாளிலிருந்து எண்ணிச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய இரவு உடம்பு அனலாய்க் கொதித்ததும், மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வேலைக்குப் போன நாளும் அந்தக் கணக்கில் இருக்காது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "முதன்முதல்ல உடம்பு சுட்டது என்ன கிழமை? காலையிலயா, ராத்திரியா? அன்னைக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" ஞாயிறு ராத்திரி என்று பதில் வந்தால், இன்று புதன் என்றால், அவர் நான்காம் நாளில் இருக்கிறார். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் எடுக்கவேண்டிய டெஸ்டே மாறிவிடுகிறது.

கிழமையைக் கேட்டால் ஞாபகம் வருகிறது, எண்ணிக்கையைக் கேட்டால் வருவதில்லை. குழந்தைகள் விஷயத்தில் பள்ளிக்குப் போகாத முதல் நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிக் கேட்டுப் போகலாம். கிடைத்த தேதியை ரெக்விசிஷன் சீட்டில், பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ரத்தத்தில் எது எப்போது தெரியும்

டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது, தொற்றுக்குள்ளான செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. இது காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இருக்கும். முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகப் பிடிபடும். சிலருக்கு ஒன்பதாம் நாள் வரைகூட நீடிக்கும். வைரஸ் வகைகள் நான்கு. நான்குக்கும் இதே புரதம் உண்டு என்பதால் ஒரே கார்டு போதும்.

வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களான ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் தாமதமாகத்தான் வரும். ஐஜிஎம் சிலருக்கு மூன்றாம் நான்காம் நாளில் தலைகாட்டும், பெரும்பாலானோருக்கு ஐந்தாம் நாளுக்குப் பிறகு. பத்தாம் நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிட்டிருக்கும். பிறகு இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். ஐஜிஜி முதல்முறை டெங்கு வந்தவருக்கு முதல் வாரக் கடைசியில்தான் மெல்ல ஏறும். முன்பே ஒருமுறை வந்தவருக்கு நிலைமை வேறு: நான்கைந்து நாட்களிலேயே ஐஜிஜி வேகமாக ஏறிவிடும், ஐஜிஎம் மங்கலாக வரும் அல்லது வராமலே போகும்.

இந்தக் கடைசி விஷயம் நம் ஊருக்கு மிக முக்கியம். 2017-18-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ரத்த ஆய்வில், தென்மாநிலங்களில் 5 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு முன்பே டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது டெங்கு என்றே தெரிந்திருக்காது. ஆகவே இங்கே கிளினிக்குக்கு வரும் பெரியவர்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இரண்டாம் தொற்று. பழைய ஐஜிஜி, புதிதாக வெளிவரும் என்.எஸ்.1 புரதத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். கார்டில் இருக்கும் எதிர்ப்புரதத்துக்கு அதைப் பிடிக்க இடம் கிடைக்காது. வைரஸ் இருக்கும், புரதமும் இருக்கும், கோடு மட்டும் வராது. ஆபத்தான டெங்கு அதிகம் வருவதும் இரண்டாம் தொற்றில்தான் என்பதால், கார்டு தவறவிடக்கூடாத ஆளையே அதிகம் தவறவிடுகிறது.

அதனால் நாளுக்கேற்ற தேர்வு இப்படி இருக்கட்டும். முதல் மூன்று நாள்: என்.எஸ்.1 கட்டாயம், ஐஜிஎம் மட்டும் போட்டால் வீண். நான்கு, ஐந்து: ஒரு பகுதியில் என்.எஸ்.1, இன்னொரு பகுதியில் ஐஜிஎம், ஐஜிஜி என மூன்றும் சேர்ந்த இரட்டைக் கார்டு. ஆறாம் நாளிலிருந்து: ஐஜிஎம்தான் முதன்மை; என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதற்கு அந்த நேரத்தில் பெரிய பொருள் கிடையாது. ஒரே வகைக் கார்டுதான் வாங்கி வைக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் சிறு லேப்புகளுக்கு எங்கள் பரிந்துரை இரட்டைக் கார்டு. விலை கூடுதல்தான். ஆனால் நான்காம் நாளில் வரும் நோயாளிகள் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தச் செலவு நியாயமானது.

கார்டுக்குள் என்ன இருக்கிறது

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, கார்டுக்குள் இருக்கும் மெல்லிய பட்டையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஊர்ந்து போகிறது. குழியில் விட்ட ரத்தம் முதலில் ஒரு வடிகட்டித் துண்டில் இறங்கும். சிவப்பணுக்கள் அங்கே தங்கிவிடும். அடுத்த துண்டில் தங்கத் துகள்கள் ஒட்டிய எதிர்ப்புரதம் காய்ந்து கிடக்கிறது. கோட்டுக்கு வரும் செந்நிறம் அந்தத் தங்கத் துகளின் நிறம்தான். என்.எஸ்.1 இருந்தால் அதை இந்தத் துகள்கள் பற்றிக்கொண்டு நகரும். டி என்று குறித்த இடத்தில் இன்னொரு எதிர்ப்புரதம் கோடாகப் பூசப்பட்டிருக்கிறது, அது வந்ததைப் பிடித்து நிறுத்தும். தப்பிய துகள்கள் சி என்ற சரிபார்ப்புக் கோட்டில் மாட்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சி கோடு வந்துவிட்டால் டெஸ்ட் சரியாக நடந்தது என்று நினைக்கிறோம். சி கோடு சொல்வது, திரவம் பட்டையில் கடைசிவரை ஓடியது, தங்கத் துகள்கள் கெடவில்லை என்ற இரண்டை மட்டுமே. போதிய ரத்தம் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. ஐஜிஎம் கார்டில் ரத்தமே விடாமல், கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டாலும் சி கோடு வரக்கூடும். அளவைப் பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

தொடங்கும் முன்

கிட் பெட்டியின் மேல் காலாவதித் தேதியையும் சேமிப்பு வெப்பநிலையையும் பாருங்கள். பெரும்பாலான கிட்கள் 30 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். மே மாதத்தில் அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருக்கும் அலமாரி அந்த அளவைத் தாண்டிவிடும். அலமாரியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். காலாவதி ஆகாத கிட்டும் வெயிலில் செத்துப்போகும்.

ஃபிரிட்ஜில் வைத்த கிட்டை எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், குளிர்ந்த கார்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் கோத்துக்கொள்ளும். பட்டை நனைந்துவிட்டால் ஓட்டம் கெடும், பின்னணி சிவந்துபோகும். உறை பிரிக்காமலே அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பிறகு பிரியுங்கள். உறைக்குள் இருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தில் நிறம் மாறும் மணிகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள். உறை பிரித்த கார்டை உடனே பயன்படுத்த வேண்டும். காலையில் பத்துக் கார்டைப் பிரித்து வரிசையாக அடுக்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள்.

ஒரு கம்பெனி கிட்டின் பஃபர் பாட்டிலை இன்னொரு கம்பெனிக் கார்டுக்கு விடாதீர்கள். ஒரே கம்பெனியிலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் கலக்காதீர்கள்.

ரத்தம் எடுப்பது

விரல் குத்தலுக்கு நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில். நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், ரத்தம் குறைவு. கை சில்லென்றிருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்கி, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஸ்பிரிட் தடவிய இடம் தானாகக் காயட்டும், அரை நிமிடம் போதும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்து அணுக்களை உடைக்கும். முதல் சொட்டைக் காய்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டிலிருந்து எடுங்கள்.

விரலைப் பால் கறப்பதுபோல் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் வருவது ரத்தம் பாதி, திசுநீர் பாதி. ரத்தம் நீர்த்துப்போய் மங்கலாக வரவேண்டிய கோடு வராமலே போய்விடும். ரத்தம் வரவில்லை என்றால் புது லான்செட்டோடு வேறு விரலில் குத்துவதே முறை. நோயாளி முகம் சுளித்தாலும் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

நரம்பிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. எப்படியும் ரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாயில் எடுக்கப் போகிறோம். அதிலிருந்தே கார்டுக்கும் விடலாம். மேலும் கீழுமாக மெதுவாக எட்டுப் பத்துமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கக் கூடாது. சீரம் வேண்டுமென்றால் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து அரை மணி உறையவிட்டு, பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரியுங்கள். முழு ரத்தத்தை ஃபிரீசரில் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, பிறகு பட்டை முழுக்கச் செந்நிறமாகும், கோடு தெரியாது. உடனே டெஸ்ட் போட முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள்.

கார்டில் விடுவது, படிப்படியாக

அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீழே இருப்பது பரவலாகப் பயன்படும் ஒருவகை இரட்டைக் கார்டின் முறை. உங்கள் கிட்டுக்குள் இருக்கும் தாள் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

1. கார்டைச் சமமான மேசையில் வையுங்கள். சாய்ந்திருந்தால் திரவம் ஒருபக்கமாக ஓடிக் கோடு பாதியாக வரும்.

2. கார்டின் மேலேயே நோயாளியின் பெயர் அல்லது எண்ணையும், ரத்தம் விட்ட நேரத்தையும் பேனாவால் எழுதுங்கள். கூட்டம் இருக்கும் நாளில் நான்கு கார்டுகள் அடுத்தடுத்து இருக்கும். எது யாருடையது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

3. என்.எஸ்.1 பகுதி: டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று சொட்டு, அதாவது ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர், எஸ் குழியில் விடுங்கள். இந்த வகைக் கார்டில் இதற்குப் பஃபர் கிடையாது. டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். குமிழி விழுந்தால் அது சொட்டுக் கணக்கில் சேராது.

4. ஐஜிஎம், ஐஜிஜி பகுதி: இங்கே ரத்தம் மிகக் குறைவு, 10 மைக்ரோலிட்டர் மட்டுமே. கிட்டோடு வரும் மெல்லிய குழலில் கறுப்புக் கோடு வரை எடுத்து, சிறு சதுரக் குழியின் அடியில் முனை தொடும்படி விடுங்கள். பிறகு வட்டக் குழியில் நான்கு சொட்டு பஃபர்.

இந்த இரண்டு பகுதிகளின் அளவும் பத்துமடங்கு வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, என்.எஸ்.1-க்கான டிராப்பரையே எடுத்து ஐஜிஎம் குழியிலும் சொட்டுவது. ரத்தம் அதிகமானால் பட்டை சிவந்து அடைத்துக்கொள்ளும். எதிர்ப்புரதக் கோடும் நம்பத்தக்கதாக இருக்காது.

5. கடிகாரத்தில் நேரம் வையுங்கள். 15 நிமிடத்துக்கு முன் நெகட்டிவ் என்று சொல்லாதீர்கள், 20 நிமிடத்துக்குப் பின் எதையும் படிக்காதீர்கள். காய்ந்துபோகும் பட்டையில் நேரம் கடந்து ஒரு மெல்லிய சாம்பல் நிறக் கோடு எழும்பலாம், அது டெங்கு கிடையாது. சாப்பிடப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்து "லேசா பாசிட்டிவ்" என்று எழுதுவது இப்படித்தான் நடக்கிறது. நேரம் கடந்துவிட்டதா, புதுக் கார்டு போடுங்கள்.

ஊசியும் லான்செட்டும் குத்துப்படாத வெள்ளைப் பெட்டிக்குள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் ரத்தம் பட்ட பிளாஸ்டிக்கும் சிவப்புப் பையில்.

கோட்டைப் படிப்பது

சி கோடு வரவில்லை என்றால் அந்தக் கார்டு செல்லாது, டி கோடு எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் சரி. சி கோடு இருந்து, நேரத்துக்குள் டி கோடு மங்கலாக வந்தாலும் அது பாசிட்டிவ்தான். மங்கல் கோட்டைப் படிக்கும்போது டியூப்லைட் வெளிச்சம் போதாது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், இன்னொருவரிடமும் காட்டிக் கேளுங்கள். கோட்டின் அழுத்தத்தை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. "கோடு திக்கா வந்திருக்கு, சீரியஸ்" என்று குடும்பத்தாரைப் பதறவைக்க வேண்டாம்.

என்.எஸ்.1 மட்டும் பாசிட்டிவ்: நடப்பு டெங்கு, ஆரம்ப நாட்கள். என்.எஸ்.1-ஓடு ஐஜிஎம்மும் வந்தால் நான்கைந்து நாட்கள் ஆகிவிட்டன என்று பொருள், ஆபத்துக் கட்டம் நெருங்குகிறது. என்.எஸ்.1-ஓடு ஐஜிஜி வந்தால், ஐஜிஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டாம் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நோயாளியைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்பதுதான் அதிகம் குழப்பும். ஐந்தாம் நாளைத் தாண்டியவருக்கு அது டெங்குவைச் சுட்டும். இரண்டாம் நாளில் வந்தவருக்கு அதே கோடு வேறு கதை சொல்லலாம்: அக்டோபரில் வந்துபோன டெங்குவின் ஐஜிஎம் டிசம்பரிலும் இருக்கும், இப்போதைய காய்ச்சல் டைபாய்டாகவோ, ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். ஐஜிஜி மட்டும் என்றால் பெரும்பாலும் பழைய தொற்றின் தடம். ஆனால் ஐந்தாம் ஆறாம் நாளில் பிளேட்லெட்டும் இறங்கியிருந்தால், ஐஜிஎம் எழும்பாத இரண்டாம் தொற்றாக இருக்கலாம். அப்போது எலிசா, அதாவது லேபில் இயந்திரத்தில் செய்யும் உறுதிப் பரிசோதனை, அவசியம்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எந்த நாள் என்று பாருங்கள். மூன்றாம் நான்காம் நாளென்றால் இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும்.

நம்பகத்தன்மையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்

என்.எஸ்.1 கார்டுகள் பிடித்துக் கொடுக்கும் விகிதம் கம்பெனியையும் நாளையும் முதல் தொற்றா இரண்டாவதா என்பதையும் பொறுத்துப் பாதியிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை போய்வருகிறது. கணக்குக்காக ஒரு கார்டு டெங்கு உள்ளவர்களில் 70 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக நெகட்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பரில் வரும் 1,000 காய்ச்சல்காரர்களில் 300 பேருக்கு டெங்கு என்றால், கார்டு 210 பேரைப் பிடிக்கும், 90 பேரை விட்டுவிடும். டெங்கு இல்லாத 700 பேரில் 35 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதாவது பாசிட்டிவ் என்றால் ஏறத்தாழ நம்பலாம், நெகட்டிவை நம்பக் கூடாது. ஏப்ரலில் அதே 1,000 பேரில் 30 பேருக்குத்தான் டெங்கு என்று வையுங்கள். உண்மைப் பாசிட்டிவ் 21, பொய்ப் பாசிட்டிவ் 49-ஐத் தொடும். ஒரே கார்டு, ஒரே கை, முடிவின் மதிப்பு தலைகீழாகிவிட்டது. கோடைக்காலத்தில் ஒற்றைப் பாசிட்டிவ் வந்தால் எலிசாவில் உறுதிசெய்யச் சொல்வது இதனால்தான்.

பொய்ப் பாசிட்டிவ் ஐஜிஎம் கார்டில்தான் அதிகம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஸிக்காவும் டெங்குவின் குடும்பத்து வைரஸ்கள், எதிர்ப்புரதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். முடக்குவாதக் காரணி ரத்தத்தில் இருப்பவர்களுக்கும் தவறாகக் கோடு வரலாம்.

இன்னொரு எச்சரிக்கை. டெங்கு கோடு வந்துவிட்டது என்பதற்காக மற்றதைத் தேடாமல் விடாதீர்கள். மலேரியாவுக்கு ரத்தத் தடவல் பாருங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் கீழ் போன்ற மறைவான இடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ், அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் உயிர் போகும். வெள்ளத்தில் நடந்தவர் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள்.

கார்டு எதைச் சொன்னாலும் ரத்த அணு எண்ணிக்கை

உயிரைக் காப்பதில் கார்டைவிட இந்தப் பரிசோதனைக்குப் பங்கு அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும்போது, பொதுவாக மூன்று முதல் ஏழாம் நாளுக்குள், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டார் நிம்மதியாகும் அதே நேரம் அது.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணையே பார்க்கிறார்கள். பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ஹீமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண்ணை, பாருங்கள். நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். நோயாளியின் சொந்தத் தொடக்க எண்ணிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக இருக்கிறது: 36 இருந்தவருக்கு 43. ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்குத் தொடக்கம் 30 என்றால், அது 36 ஆகும்போதே அவர் அந்த எல்லையைத் தொட்டுவிட்டார். ஆனால் லேப் ரிப்போர்ட்டில் 36 சாதாரண அளவாகவே அச்சாகும், அடிக்கோடு இருக்காது. முதல் நாட்களில் ஒரு ரத்த அணு எண்ணிக்கை எடுத்து வைத்திருந்தால்தான் இந்த ஏற்றம் கண்ணில் படும். வெள்ளையணு இறங்கிக்கொண்டே வருவதும் டெங்குவின் ஆரம்ப அடையாளம். கார்டு நெகட்டிவாக இருக்கும்போது சந்தேகத்தைத் தக்கவைப்பது பெரும்பாலும் இதுதான்.

விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், பெரும் சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் கார்டு முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளை ஆரம்பத்திலேயே காட்டிவிட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும், வலி ஊசியாகக்கூட வேண்டாம்.

எலிசாவுக்கு அனுப்புவது

இந்தியாவின் தேசிய திட்டம் கார்டு முடிவை மட்டும் வைத்து டெங்குவை உறுதியானதாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 எலிசா, அதன்பின் ஐஜிஎம் எலிசா, இரண்டில் ஒன்று வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கான கண்காணிப்பு லேப்கள் இருக்கின்றன. ஐஜிஎம் எலிசா கிட்களை அவற்றுக்குத் தருவது புனே தேசிய வைராலஜி நிறுவனம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மேல்நிலை லேப்களில் ஒன்று. வைரஸ் வகையை அறிய முதல் ஐந்து நாளுக்குள், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வேண்டும்.

3 முதல் 5 மில்லி ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, மூடி இறுக்கிய குழாயில், கசிவு தாங்கும் இரண்டாவது உறைக்குள் வைத்து, ஐஸ்பேக் போட்ட வேக்சின் கேரியரில் அனுப்புங்கள். குழாய் ஐஸ்பேக்கை நேராகத் தொடாதபடி இடையில் பஞ்சோ காகிதமோ இருக்கட்டும். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த தேதி இரண்டும் இல்லாவிட்டால் எந்த எலிசா போடுவது என்றே அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது.

சிக்குன்குனியா, ஸிக்கா, மூளைக்காய்ச்சல்

சிக்குன்குனியா வேறு குடும்பத்து வைரஸ். இதற்கு என்.எஸ்.1 போன்ற ஆரம்பகாலக் கார்டு புழக்கத்தில் இல்லை. கிடைப்பவை ஐஜிஎம் கார்டுகள்தான், முதல் வாரத்தில் பெரும்பாலும் தவறவிடும். முதல் ஐந்து நாள் ஆர்டி-பிசிஆர், அதற்கு மேல் ஐஜிஎம் எலிசா. மூட்டுவலியைப் பார்த்துச் சிக்குன்குனியா என்று தீர்மானித்து வலி மாத்திரையைத் தொடங்கிவிடக் கூடாது, டெங்கு இல்லை என்று தெளிவாகும்வரை பாராசிட்டமாலோடு நிறுத்துங்கள்.

ஸிக்காவுக்கு ஆர்டி-பிசிஆர்தான், ரத்தத்தோடு சிறுநீரும் எடுக்க வேண்டும், சிறுநீரில் வைரஸ் கூடுதல் நாள் தெரியும். 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 2021-இல் கேரளத்திலும் தொற்று உறுதியாகியிருப்பதால், காய்ச்சலும் தடிப்பும் வந்த கர்ப்பிணிக்கு டெங்கு நெகட்டிவ் என்றதும் இதை நினையுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை விரல் ரத்தக் கார்டால் கண்டுபிடிக்க முயலவே வேண்டாம்; தண்டுவட நீரில் ஐஜிஎம் எலிசா பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எழுதுவது

"டெங்கு: நெகட்டிவ்" என்ற இரண்டு சொல் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் அடுத்த மருத்துவருக்கு எதுவும் தெரியாது. எந்த நாளில், எந்தக் கார்டு, எதற்கு நெகட்டிவ்? கார்டின் பெயரும் லாட் எண்ணும், எடுத்த நேரமும், மூன்று கோடுகளின் முடிவும் தனித்தனியே இருக்க வேண்டும். கீழ்க்காணும் வடிவத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொள்ளலாம்:

"காய்ச்சல் தொடக்கம்: ஞாயிறு இரவு. ரத்தம் எடுத்தது: புதன் காலை 10.20, காய்ச்சலின் 4-ஆம் நாள். என்.எஸ்.1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். படித்த நேரம் 10.38. இந்த முடிவு டெங்குவை விலக்கவில்லை. நாளை மீண்டும் ரத்த அணு எண்ணிக்கை, ஹீமடோகிரிட். வெள்ளிக்கிழமை ஐஜிஎம் எலிசா."